26×4, 26×4.8, 27.5×3.8, 29×3: தடித்த டயரில் எது எதற்கு?

26 அங்குலம் சின்னச் சக்கரம், 29 அங்குலம் பெரிய சக்கரம் என்ற கணக்கோடு ஃபேட் பைக் எனும் தடித்த டயர் சைக்கிள் வாங்கப் போனால் அங்கேயே தப்பு நடந்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 26 என்பது ரிம்மின் வகையைச் சொல்லும் பழைய பெயர்; பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது டயரின் அகலம், அங்குலத்தில். டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 26-க்கு 559 மி.மீ., 27.5-க்கு 584, 29-க்கு 622. அதற்கு மேல் டயரின் உயரம் இருபுறமும் சேர வேண்டும். அப்படிச் சேர்த்தால், 26×4 சக்கரமும் சாதாரண மலைச் சைக்கிளின் 29×2.2 சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம், 74 செ.மீ. பக்கம். தலைப்பில் உள்ள மற்ற மூன்றும் 76, 77 செ.மீ. அருகில் வந்து நிற்கும். ரிம்மின் அகலத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

ஆக, உயரத்தில் பெரிய போட்டி இல்லை. அந்த உயரத்துக்குள் எவ்வளவு காற்று அடைபடுகிறது என்பதில்தான் இருக்கிறது வித்தியாசம்.

காற்றழுத்தத்தைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி. பின்சக்கரத்தில் 50 கிலோ பாரம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) காற்று இருந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ.; ஒன்றரைத் தீப்பெட்டி அளவு. 6 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 118 சதுர செ.மீ. ஆகிவிடும்; கிட்டத்தட்ட ஓர் அஞ்சலட்டை. மணலிலும் பனியிலும் புதையாமல் மிதக்க வைப்பது இந்த அஞ்சலட்டைதான். 2.2 அங்குல டயரில் 6 பி.எஸ்.ஐ. வைத்தால் முதல் கல்லிலேயே ரிம் அடிபடும். அவ்வளவு காற்றைக் குறைத்தும் ரிம் தரையில் மோதாமல் காப்பதற்காகத்தான் 4 அங்குல அகலம்.

இது அலாஸ்காவில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1980-களின் இறுதியில் இடிடராட் பனித்தடத்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கவாட்டில் இணைத்தெல்லாம் பார்த்தார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ரே மொலினா என்பவர் பாலைவன மணலுக்காக 82 மி.மீ. ரிம்மும் 3.5 அங்குல டயரும் செய்தார். 2005-ல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி சைக்கிள் 3.7 அங்குல டயர், 65 மி.மீ. ரிம்முடன் கடைக்கு வந்தது. சர்லி 26-ஐ எடுத்ததில் நியாயம் இருக்கிறது: சின்ன ரிம்மில் தடித்த டயர் போட்டால் மொத்த உயரம் வழக்கமான சைக்கிள் வடிவத்துக்குள் அடங்கும்.

26×4 இன்றும் நல்ல நடுத்தரத் தேர்வு. நம்மூர்க் கடைகளில் ஃபேட் சைக்கிள் என்று நிற்பவை பெரும்பாலும் இதுதான். ட்யூபும் டயரும் தேடினால் கிடைக்கும். இந்த ஒன்றுக்காகவே பலருக்கு இதைத்தான் சொல்வேன். ஈரக் கடற்கரை மணலில் சுகமாகப் போகும்.

உலர்ந்த மணல், தேரிக்காட்டுச் செம்மணல் போன்ற உதிரி மண், புதுப்பனி என்றால் 26×4.8-க்கு ஈடில்லை. 80 முதல் 100 மி.மீ. ரிம்மில் அது நன்றாகப் பரந்து உட்காரும். ஆனால் அதற்காகச் சகிக்க வேண்டியதும் அதிகம். டயர் கனம், ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் தொடை அதை உணரும். தார்ச்சாலையில் காற்று குறைவாக இருந்தால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் இழுக்கும். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் 190 அல்லது 197 மி.மீ., பெடல் அச்சு இருக்கும் பகுதி 100 மி.மீ. எனச் சைக்கிளே அகன்றுவிடும். கால்களை அகட்டி மிதிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் காசு கொடுக்கும் முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

27.5×3.8 பின்னால் வந்தது. 2015-ல் ட்ரெக் நிறுவனம் தன் ஃபார்லி சைக்கிளில் கொண்டுவந்தது. 26×4.8-இன் உயரம் ஏறக்குறைய அப்படியே, அகலம் மட்டும் ஓர் அங்குலம் குறைவு. தரையில் பதியும் தடம் அகலத்தைவிட நீளத்தில் கூடும். அதனால் இறுகிய பனியிலும் வேர், கல் கிடக்கும் காட்டுத்தடத்திலும் தட்டுத் தடுமாறாமல் உருளும். கரடுமுரடான தடத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே குறை, டயர் வகைகள் குறைவு. கிழிந்தால் இணையத்தில் வரவழைத்துக் காத்திருக்க வேண்டும்.

29×3-ஐ 2012-ல் சர்லியே க்ராம்பஸ் சைக்கிளில் அறிமுகம் செய்தது, 50 மி.மீ. ரிம்முடன். கண்டிப்பாகச் சொன்னால் இது ஃபேட் பைக் அல்ல, பக்கத்து வீட்டு உறவு. 12, 15 பி.எஸ்.ஐ.யில் கப்பிச் சாலையில் நாள் முழுக்க மிதிக்க இதைப்போல் சுகமில்லை. உதிரி மணலில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டிவரும்.

ஒரே ஃபிரேமுக்கு இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. 26×4.8 ஏறும் ஃபிரேமில் 27.5×3.8 பெரும்பாலும் ஏறும், உயரம் ஒத்துப்போவதால் சைக்கிளின் ஓட்டமும் அதிகம் மாறாது. 26×4-க்கென்றே செய்த ஃபிரேமில் 4.8 மாட்டப் பார்த்தால் செயினோ ஃபிரேமோ உரசும். வாங்கும் முன் பின்சக்கரத்தின் இருபுறமும் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று அளந்து பாருங்கள். சேறு ஒட்டிக்கொள்ளவும் இடம் வேண்டும்.

எந்த அளவை எடுத்தாலும் குறைந்த அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்று கையோடு வாங்கிவிடுங்கள். சாதாரணப் பம்பின் முள் 10-க்குக் கீழே நம்பும்படி நிற்காது. இந்த டயர்களிலோ 6-க்கும் 8-க்கும் நடுவில் சைக்கிளே வேறாகிவிடும்.