ஏரோசேம்பர் பிளஸ் ஃப்ளோ-வூ: சிறு குழந்தைக்கு இன்ஹேலர் கொடுக்க உதவும் ஸ்பேசர்

இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்து மிக வேகமாகப் பீறிட்டு, அதில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். அழுத்தும் அதே கணத்தில் மெதுவாக மூச்சை உள்ளிழுப்பது பெரியவர்களுக்கே கைவராதபோது, மூன்று வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஸ்பேசர் எனப்படும் குழாய் மருந்துப் புகையைச் சற்று நேரம் பிடித்துவைத்து, குழந்தை தன் இயல்பான மூச்சில் அதை எடுத்துக்கொள்ள வழிசெய்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரைச் சேர்ந்த ட்ரூடெல் நிறுவனம் தயாரிக்கும் இந்த ஸ்பேசரை, ஒரு முதல் ஐந்து வயதுக்குரிய மஞ்சள் மாஸ்க்குடன், எங்கள் மகளுக்குக் குளிர்காலம் முழுவதும் பயன்படுத்தினோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மாஸ்க்கின் அருகே ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும் சிறு தகடுதான். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடியிருந்தால் மட்டுமே அது சரியாக அசையும். கன்னத்தோரம் சிறிது காற்றுக் கசிந்தாலும் நுரையீரலுக்குச் செல்லும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடுமென்பதால், இந்த அடையாளத்தின் மதிப்பு பெரிது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவிடம், "அழுத்திய பிறகு தகடு ஆறு தரம் அசையும்வரை மாஸ்க்கை எடுக்காதீங்கோ" என்று சொன்னதே போதுமானதாக இருந்தது. இரண்டாவது பஃப் (ஒருமுறை அழுத்தும்போது வரும் மருந்து) தேவையெனில் அரை நிமிடம் பொறுத்து, இன்ஹேலரை மீண்டும் குலுக்கி, முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து குழாயின் சுவரிலேயே வீணாகும்.

அழும்போது குழந்தை ஆழமாக மூச்சிழுப்பதால் மருந்து நன்றாக இறங்கும் என்று நம் வீடுகளில் சிலர் நம்புகிறார்கள். இது தவறு, அழும் குழந்தையின் நுரையீரலை எட்டும் மருந்து மிகவும் குறைவு. எனவே மருந்தில்லாமல் வெறும் மாஸ்க்கை முகத்தில் வைத்து விளையாடப் பழக்குவதும், மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுப்பதும் நல்லது. தடுப்பு மருந்தாக ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தால், பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்து, மாஸ்க் பட்ட இடத்தையும் துடைத்துவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை பின்பக்க ரப்பர் மூடியை மட்டும் கழற்றி, திரவச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அலசி, நிமிர்த்தி வைத்துக் காற்றில் உலரவிட வேண்டும். உள்ளே துணியால் துடைக்கக் கூடாது.

குறை என்று சொல்வதானால், விலை சற்று அதிகம்; சட்டைப் பையிலும் அடங்காது. வாயில் வைத்து உறிஞ்சும் மாதிரியில், வேகமாக இழுத்தால் விசில் ஒலிக்கும். அந்த ஒலி எச்சரிக்கை என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே விளக்காவிட்டால், விசில் அடிப்பதற்காகவே வேகமாக இழுக்கப் பழகிவிடுவார்கள். நான்கு வயதளவில் உதடுகளை இறுக்கி மூடி வாயால் மூச்சுவிடத் தெரிந்த பிள்ளைக்கு அந்த மாதிரியே மேலானது; மாஸ்க்கில் மூக்கு வழியே போகும்போது ஏற்படும் மருந்து இழப்பு அதில் இல்லை. ஆகவே நான்கை நெருங்கும் குழந்தைக்கு வாங்குவோர், எந்த மாதிரி பொருந்தும் என்று மருந்தாளரிடம் காட்டிக் கேட்டபின் வாங்குவது நல்லது.