ப்ளேஆஃப் கார்டு லிஸ்ட் விற்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்: 2024 அக்டோபரில் எனக்கும் என் அக்கா மகனுக்கும் நடந்தது

இந்த வருட பேஸ்பால் ப்ளேஆஃப் தொடங்கிவிட்டது. எம்எல்பி தி ஷோ என்ற பேஸ்பால் வீடியோ கேம் விளையாடுகிறவர்களும், பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காத பெற்றோரும் அமெரிக்கத் தமிழர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். ப்ளேஆஃப் ரிவார்டு கார்டு எந்தெந்த வீரருக்கு வரப்போகிறது என்று முன்னாலேயே தெரியும், லிஸ்ட் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். டாலஸில் படிக்கும் என் அக்கா மகனும் கொடுத்தான். இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 120 டாலர் போனது. அவன் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக ஆடிச் சேர்த்ததும் அதோடு போனது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் டைமண்ட் டைனஸ்டி என்று ஒரு பகுதி உண்டு. வீரர்களின் கார்டுகளைச் சேர்த்து நமக்கென்று ஒரு அணி அமைத்து ஆடவேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மொத்த மதிப்பெண் இருக்கும். 80 முதல் 84 வரை கோல்டு, 85-க்கு மேல் டைமண்ட். உள்ளே புழங்கும் காசுக்கு ஸ்டப்ஸ் என்று பெயர். ஆடியும் சேர்க்கலாம், உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். 1,000 ஸ்டப்ஸ் ஏறக்குறைய ஒரு டாலர். கார்டுகளை ஒருவருக்கொருவர் விற்க ஒரு சந்தையும் உண்டு, அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்த 10 சதவீதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அக்டோபர் வந்தால் ப்ளேஆஃபை ஒட்டி, அதில் கலக்கும் வீரர்களுக்குப் புதுக் கார்டுகள், அதாவது ரிவார்டு கார்டுகள், வரும். யாருக்கு வரும் என்று ஊகிப்பது எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, ஆட்டம் பார்த்துக்கொண்டே, இவனுக்கு நிச்சயம் ஒரு கார்டு உண்டு என்று நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பதில் இருக்கும் சுகமே தனி. அந்தச் சுகத்தைத்தான் லிஸ்ட் விற்ற ஆள் விலைக்கு விற்றார்.

2024 செப்டம்பர் கடைசியில் ஒரு சாட் குரூப்பில் அவரைப் பார்த்தேன். தனக்கு உள்ளிருந்து தகவல் வருகிறது என்றார். முந்தைய வருடம் தான் சொன்னதெல்லாம் பலித்தது என்று படம் படமாகப் போட்டிருந்தார். 2023-இல் டெக்ஸஸ் அணியின் கோரி ஸீகர், அடோலிஸ் கார்சியா, அரிசோனாவின் கெட்டல் மார்டே மூவரையும் முன்கூட்டியே சொன்னதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீக் உண்டு, இரண்டிலும் ஜெயிக்கும் அணிகள் கடைசியில் வேர்ல்டு சீரிஸில் மோதும். அந்த வருடம் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அமெரிக்கன் லீக்கில் ஐந்தாம் இடத்தில் உள்ளே வந்த அணி. அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 84 ஆட்டம் மட்டுமே ஜெயித்து, நேஷனல் லீக்கின் ஆறாவது, அதாவது கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த இரண்டும் வேர்ல்டு சீரிஸில் மோதும் என்று அக்டோபர் முதல் வாரத்தில் எழுதி வைத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கார்சியா லீக் இறுதித் தொடர் ஒன்றில் மட்டும் 15 ரன் கொண்டுவந்தார். அப்படி ஆடியவர் வேர்ல்டு சீரிஸின் மூன்றாம் ஆட்டத்தில் காயம்பட்டு வெளியே போனார், தொடர் நாயகன் விருது ஸீகருக்குப் போனது. இதையெல்லாம் நான் டிவியில் பார்த்தவன். பார்த்திருந்தும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நம்பினேன்.

லிஸ்ட் 25 டாலர். பணத்தை நண்பர்கள், உறவினர்களுக்கு அனுப்பும் வகையில்தான் அனுப்ப வேண்டும் என்றார். அப்படி அனுப்பினால் கமிஷன் மிச்சம் என்று காரணமும் சொன்னார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார்: லிஸ்டை யாருக்கும் காட்டக்கூடாது, ஒவ்வொரு லிஸ்டிலும் மறைவாக ஒரு அடையாளம் இருக்கிறது, வெளியே போனால் கண்டுபிடித்து நீக்கிவிடுவேன். நாலு பேருக்குத் தெரிந்தால் சரக்கின் மதிப்பு போய்விடுமே, அதனால்தான் சொல்கிறார் என்று நானே அவருக்காக நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

அக்டோபர் 5, சனிக்கிழமை காலை லிஸ்ட் வந்தது. இரண்டு பகுதி. முதல் பகுதியில் ரிவார்டு கார்டு வரப்போகிறவர்கள். அமெரிக்கன் லீக் தொடரின் நாயகன் ஜியான்கார்லோ ஸ்டான்டன், நேஷனல் லீக்கில் பிரைஸ் ஹார்ப்பர், இன்னும் சில பெயர்கள். இரண்டாம் பகுதிதான் உண்மையான வலை. ப்ளேஆஃப் ரிவார்டு வாங்க, நான்கு குறிப்பிட்ட கோல்டு கார்டுகளைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் திட்டம் வரப்போகிறது, அறிவிப்பு வந்த உடனே அவற்றின் விலை மூன்று மடங்காகும், இப்போதே வாங்கி வையுங்கள் என்று அதில் இருந்தது.

இதில் இருக்கும் சூட்சுமத்தைச் சொல்கிறேன். ரிவார்டு கார்டு யாருக்கு வரும் என்று சரியாகத் தெரிந்தாலும் அதை வைத்து நேரடியாக லாபம் பார்ப்பது கஷ்டம். ஆடிப் புள்ளி சேர்த்தால் அது எல்லோருக்கும் சும்மா கிடைக்கும், பல ரிவார்டு கார்டுகளைச் சந்தையில் விற்கவும் முடியாது. லாபம் என்று யாராவது பேசினால், அது ரிவார்டைச் சுற்றியிருக்கும் மற்ற கார்டுகளின் விலை ஏற்றத்தில்தான் இருக்க முடியும். புதுத் திட்டங்கள் பழைய கார்டுகளைக் கேட்பதும், அதனால் விலை ஏறுவதும் இந்த விளையாட்டில் உண்மையிலேயே நடக்கிற விஷயம். அதனால் அவர் சொன்னது பொய்யாகவே படவில்லை.

என்னிடம் ஆடிச் சேர்த்த 60,000 ஸ்டப்ஸ் இருந்தது. 49.99 டாலர் கொடுத்து இன்னும் 67,500 வாங்கினேன். அந்த நான்கு வீரர்களின் கார்டுகளை மொத்தம் 30 வாங்கினேன். சராசரி விலை 3,900, ஆக 1,17,000 ஸ்டப்ஸ். நான் வாங்க வாங்கவே விலை ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து லிஸ்ட் பலிக்கிறது என்று நினைத்தேன். ஏற்றிக்கொண்டிருந்தது என்னைப்போல லிஸ்ட் வாங்கியவர்கள்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமைக்குள் விலை 1,600-க்கு வந்துவிட்டது. மாற்றும் திட்டம் எதுவும் வரவில்லை. கேட்டதற்கு, பொறுங்கள், லீக் தொடர் முடிந்ததும் வரும் என்றார். சரி என்று பொறுத்தேன்.

அக்டோபர் 19 இரவு, கிளீவ்லாண்டில் பத்தாவது இன்னிங்ஸில் ஹுவான் ஸோட்டோ அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னில் நியூயார்க் யாங்கீஸ் அணி வேர்ல்டு சீரிஸுக்குள் நுழைந்தது. தொடர் நாயகனாக அறிவிக்கப்பட்டவர் அதே அணியின் ஸ்டான்டன். என் லிஸ்டில் இருந்த அதே பெயர்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கார்டுகளில் விட்டதெல்லாம் மறந்துபோயிற்று. பத்து நிமிடத்தில் லிஸ்ட் விற்றவரிடமிருந்து செய்தி: சொன்னேன் இல்லையா, வேர்ல்டு சீரிஸ் லிஸ்ட் தயார், 40 டாலர். பணம் அனுப்பும் செயலியைத் திறந்தும்விட்டேன். சந்தோஷத்தில் அக்கா மகனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று தோன்றியது. அந்த ஒரு போன்தான் 40 டாலரைக் காப்பாற்றியது.

நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான். "மாமா, நீங்களும் அவர்கிட்ட லிஸ்ட் வாங்கினீங்களா? என் லிஸ்ட்ல ஸ்டான்டனே இல்லையே. பாபி விட் ஜூனியர்னுல்ல இருக்கு."

விட் ஆடும் கன்சாஸ் சிட்டி அணி அதற்கு முந்தின சுற்றிலேயே யாங்கீஸிடம் தோற்று வீட்டுக்குப் போய்விட்டது. நேஷனல் லீக்கில் எனக்கு ஹார்ப்பர் என்றால் அவனுக்கு ஃபெர்னாண்டோ டாடிஸ். ஆளுக்கொரு லிஸ்ட். ஆனால் வாங்கி வைக்கச் சொன்ன அந்த நான்கு கோல்டு கார்டுகள் மட்டும் இருவருக்கும் அச்சு அசலாக ஒன்றே.

கர்ப்பிணி வீட்டுக்கு ஜோசியர் "ஆணல்ல பெண்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கதை நமக்கெல்லாம் தெரியும். எது பிறந்தாலும் அதற்கேற்றபடி பிரித்துப் படித்துக் காட்டலாம். இவர் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. ஒரு வீட்டில் ஆண் என்றும் அடுத்த வீட்டில் பெண் என்றும் எழுதிக் கொடுத்தார். யாருக்குப் பலித்ததோ அந்த வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போய்ப் பெரிய தட்சணை கேட்டார். லிஸ்டை யாருக்கும் காட்டாதே என்ற நிபந்தனையின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு லிஸ்ட் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் அவர் கதை முடிந்தது.

அன்று இரவு உட்கார்ந்து அந்த நான்கு கார்டுகளின் விலை வரலாற்றைப் பார்த்தேன். சந்தையிலேயே அந்த வரைபடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். விலை ஏறத் தொடங்கியது அக்டோபர் 3-ஆம் தேதி. எங்களுக்கு லிஸ்ட் வந்தது 5-ஆம் தேதி. அந்த இரண்டு நாளில் யாரோ நிதானமாக மலிவு விலையில் அள்ளியிருக்கிறார்கள், சனிக்கிழமை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். யார் விற்றது, யார் வாங்கியது என்று சந்தை காட்டாது. அதனால் அவர்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எனக்குச் சந்தேகமே இல்லை.

என் 30 கார்டுகளையும் 1,600-க்கு விற்றேன். பத்து சதவீதம் போக ஒன்றுக்கு 1,440, மொத்தம் 43,200. நஷ்டம் 73,800 ஸ்டப்ஸ். காசு கொடுத்து வாங்கியது முழுக்கப் போய், ஆடிச் சேர்த்ததிலும் கொஞ்சம் போனது. விலை விழாமலே இருந்திருந்தாலும், 3,900-க்கு வாங்கிய கார்டை 4,333-க்குமேல் விற்றால்தான் முதலே திரும்பும். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் நேஷனல் லீக் இறுதித் தொடரில் டாட்ஜர்ஸ், மெட்ஸை வீழ்த்தியது. தொடர் நாயகன் டாமி எட்மன், சீசன் நடுவில் செயின்ட் லூயிஸிலிருந்து வந்தவர், 11 ரன் கொண்டுவந்தார். எங்கள் இரண்டு லிஸ்டிலும் அவர் பெயர் இல்லை. வேர்ல்டு சீரிஸ் கதை உங்களுக்கே தெரியும். கணுக்கால் சுளுக்கோடு நொண்டிக்கொண்டிருந்த டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன், அந்த ப்ளேஆஃபில் வேர்ல்டு சீரிஸுக்கு முன்புவரை ஒரு டபுள்கூட (இரண்டாம் தளம்வரை ஓடவைக்கும் அடி) அடிக்காதவர், முதல் ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன், அடித்து ஆட்டத்தை முடித்தார். வேர்ல்டு சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது. முதல் நான்கு ஆட்டத்திலும் ஹோம் ரன் அடித்து அவரே தொடர் நாயகன் ஆனார். இது அக்டோபர் 5-ஆம் தேதி யாருக்குத் தெரிந்திருக்கும்? ஃப்ரீமனுக்கே தெரிந்திருக்காது. லிஸ்ட் விற்றவருடைய குரூப்பில் மட்டும் மறுநாளே ஃப்ரீமன் பெயரோடு, அக்டோபர் 5 தேதி போட்ட ஒரு படம் வந்தது. அதற்குக் கீழே எங்கள் இரண்டு லிஸ்டையும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்.

பணத்தைத் திரும்பப் பெற முயன்றேன். உறவினருக்கு அனுப்பும் வகையில் போன பணத்துக்கு வாங்கியவருக்கான பாதுகாப்பு கிடையாது என்று பதில் வந்தது. அக்கா மகன் கிஃப்ட் கார்டு எண்ணாகக் கொடுத்திருந்தான், அது கொடுத்த நிமிடமே போனதுதான். நஷ்டத்தை ஈடுகட்ட அவனிடம் இன்னொரு தூண்டிலும் போட்டிருக்கிறார்: 1,00,000 ஸ்டப்ஸ் 30 டாலருக்குத் தருகிறேன், ஒன்றுக்கும் உதவாத ஒரு கார்டைப் பெரிய விலைக்குச் சந்தையில் போடு, நான் வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் உன் பாஸ்வேர்டைக் கொடு, நானே ஏற்றிவிடுகிறேன் என்று. நல்லவேளை, அவன் செய்யவில்லை. வெளியாளிடம் ஸ்டப்ஸ் வாங்குவது விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள். பாஸ்வேர்டும் போனுக்கு வரும் குறியீடும் கையில் கிடைத்தால், அந்தக் கணக்கில் பதிந்திருக்கும் அப்பா அம்மாவின் கிரெடிட் கார்டும் கிடைத்த மாதிரிதான். பெற்றோர் இந்த ஒன்றையாவது இன்றைக்கே பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள். திட்டாமல் கேளுங்கள். என் அக்கா மகன் பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் திட்டு விழும் என்ற பயம்தான்.

நேர்மையாக ஊகம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சீசன் புள்ளிவிவரத்தை வைத்து, இந்தக் கோல்டு கார்டு மதிப்பெண்களின் அடுத்த புதுப்பிப்பில் டைமண்ட் ஆகலாம் என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதுவார்கள். தவறியதையும் அழிக்காமல் வைத்திருப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். அவர்களிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன். லிஸ்ட் விற்கிறவரிடம், தவறிப்போன ஊகங்களைக் காட்டுங்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் கார்டின் விலை வரைபடத்தைப் பாருங்கள். லிஸ்ட் வருவதற்கு முன்னாலேயே ஏறியிருந்தால் தொடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அதே ஆளிடம் வாங்கிய இன்னொருவரைத் தேடிப் பிடித்து, இரண்டு லிஸ்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போன வாரம் அக்கா மகன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். வேறு பெயர், வேறு படம். வாசகங்கள் ஒரு எழுத்து மாறாமல் அதே. மறைவான அடையாளம் இருக்கிறது, யாருக்கும் காட்டாதே என்ற அந்த வரியும் இருக்கிறது. விலை இந்த வருடம் 35 டாலர்.