மாத்திரைய ஸ்கேன் பண்ற மெஷின்: 7 மாசம் கடைல வச்சு பாத்துட்டு எழுதுறேன்

நமக்கு வேலூர்ல மெடிக்கல் ஷாப், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு பக்கத்து தெரு. பெங்கால், ஜார்க்கண்ட், அஸ்ஸாம்னு எங்கெங்கிருந்தோ வர்றவங்க ஊர்ல வாங்குன மாத்திரைய பாதி கிழிஞ்ச அட்டையோட நீட்டி இதேதான் வேணும்பாங்க, அதுல பேரும் இருக்காது பேட்ச் நம்பரும் இருக்காது. அதுக்காகவே போன நவம்பர்ல சின்ன என்ஐஆர் (நியர் இன்ஃப்ராரெட்) ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல 38,000 ரூபாய்க்கு எடுத்தேன். கம்பெனி பேரு வேணாம், குறை சொல்லப்போறேன்.

சோப்பு டப்பா சைஸ்தான். மாத்திரைய கண்ணாடி மேல வச்சு போன்ல அமுக்குனா, 900ல இருந்து 1700 நானோமீட்டர் வரைக்கும் கண்ணுக்கு தெரியாத வெளிச்சத்த அடிச்சு, எந்தெந்த இடத்துல மாத்திரை அத உறிஞ்சிச்சுன்னு வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு போட்டு காட்டும். வித்தவரு "டூப்ளிகேட்ட 5 செகண்ட்ல புடிச்சிடும் சார்"னாரு. புடிக்கும், ஆனா ஒரிஜினல் எதுன்னு மொதல்ல நாமதான் காட்டி வைக்கணும், அத அவரு வாயத் தொறக்கல. அதனால பேர் தெரியாத மாத்திரைய கண்டுபுடிக்கலாம்னு நான் வாங்குன கணக்கு அங்கயே பாதி அடிபட்டு போச்சு.

மொத வாரம் ஒரு கம்பெனி பாராசிட்டமால் 500ஐ சேவ் பண்ணிட்டு இன்னொரு கம்பெனியோடத வச்சேன், ஃபெயில்னு செவப்பா வந்துச்சு. பக்குனு ஆயிடுச்சு, ஸ்டாக் ஃபுல்லா போலியான்னு. அப்புறம்தான் உறைச்சுது, மருந்து ஒண்ணுதான், கூட சேத்து புடிக்கிற ஸ்டார்ச்சு செல்லுலோஸ் எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், மெஷின் மொத்த மாத்திரையையும் சேத்துதான் பாக்குது. அதனால ஒவ்வொரு பிராண்டுக்கும் நாலஞ்சு பேட்ச் தனித்தனியா ஏத்தணும், மூணு ஞாயித்துக்கெழம அதுலயே போச்சு. அட்டைக்குள்ள வச்சே பாக்கலாமான்னா அலுமினியம் ஃபாயில் வெளிச்சத்த விடாது, ட்ரான்ஸ்பரன்ட் ப்ளாஸ்டிக்னா அந்த ப்ளாஸ்டிக்கோட கோடும் சேந்துக்கும். உடைச்சு வெளிய எடுத்துட்டா அப்புறம் யாருக்கு விக்கிறது? கலர் கோட்டிங் போட்ட மாத்திரைன்னா ரெண்டா வெட்டி உள்பக்கத்த காட்டுனாதான் ஒழுங்கா வருது.

ஒரு அம்மா, அணைக்கட்டுங்கிற ஊர் பக்கம், நான் ஸ்கேன் பண்றத பாத்துகினே இருந்துட்டு "இன்னா நைனா, மாத்திரைக்கே எக்ஸ்ரே எடுக்குற, எனுக்கு முட்டி வலிக்குது அத எடு"ன்னுச்சு.

நல்லதையும் சொல்லணும். ஈரத்த அருமையா புடிக்குது, தண்ணி 1450 நானோமீட்டர் கிட்ட நல்லா உறிஞ்சும், அந்த எடத்துல கோடு குழி விழும். கார்த்திகை மழைல மூடி சரியா மூடாத ஆஸ்பிரின் டப்பா ஒண்ணு இப்படித்தான் மாட்டுச்சு. ஆஸ்பிரின் ஈரம் பட்டா சாலிசிலிக் ஆசிடாவும் அசிட்டிக் ஆசிடாவும் உடைஞ்சிடும், தொறந்து மோந்தா லேசா வினிகர் வாடை. என்ன, எங்க மாமா 30 வருஷமா மூக்காலயே இத புடிச்சுகினு இருக்காரு, 38,000 ரூபா செலவு இல்லாம.

பயந்த விஷயம் தைராய்டு மாத்திரை. 50 மைக்ரோகிராம சேவ் பண்ணிட்டு அதே கம்பெனி 100ஐ வச்சேன், பாஸ்! மாத்திரை வெயிட்டு 100 மில்லிகிராம்னு வச்சுக்குங்க, அதுல 50 மைக்ரோகிராம்னா 0.05 சதவீதம், மெஷினுக்கு அது கண்ணுலயே படாது, மாவ பாத்துட்டு பச்சை லைட்ட போட்டுடுச்சு. இத நம்பி யாராவது குடுத்தா என்னாவுறது. வயித்துல போயி கரையுமான்னும் இதால சொல்ல முடியாது, அதுக்கு லேப்ல 37 டிகிரில 900 மில்லி திரவத்துல மாத்திரைய போட்டு சுத்த விட்டு, எவ்ளோ கரைஞ்சிச்சுன்னு அளக்குறாங்க. பாராசிட்டமால்ல மருந்து 95ல இருந்து 105 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கிற கணக்கும் அந்த மாதிரி லேப்லதான்.

கத்திரி வெயில்ல இன்னொரு கூத்து, கரண்ட் போயி கடை அடுப்பு மாதிரி ஆனா, காலைல பாஸ் ஆன அதே மாத்திரை மத்தியானம் ஃபெயில். சூட்டுல மெஷினோட அளவு நகந்துடுது, அளவு சரி பண்ற வெள்ளை தட்ட வச்சு திரும்ப செட் பண்ணாதான் வழிக்கு வருது.

வீட்டுக்கு வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, வேணாங்க. 2023 ஆகஸ்ட்ல இருந்து 300 பிராண்டுக்கு க்யூஆர் கோடு கட்டாயம், அத போன்லயே ஸ்கேன் பண்ணி பேட்ச், எக்ஸ்பைரி எல்லாம் அட்டைல இருக்கறதோட ஒத்து பாருங்க. அதுக்கு மேலயும் சந்தேகம்னா, 1940 மருந்து சட்டம் 26வது பிரிவுல, வாங்குனவங்களே ஃபீஸ் கட்டி அரசு பகுப்பாய்வாளருக்கு (கவர்ன்மென்ட் அனலிஸ்ட்) அனுப்பி கையெழுத்து போட்ட ரிப்போர்ட் வாங்கலாம், பில்ல மட்டும் தூக்கி போட்டுடாதீங்க.

5க்கு 2 குடுக்குறேன், அதுல ஒண்ணரை அந்த ஈரத்துக்கு. காலேஜ் பசங்க யாருக்காவது ப்ராஜெக்ட்டுக்கு வேணும்னா கடைக்கு வாங்க, ஞாயித்துக்கெழமல சும்மாதான் கெடக்குது, சார்ஜர் மட்டும் நீங்க கொண்டாரணும்.