கறுப்புத் துணிக்குள் மரத்தூள்: ரேக் பெட்டி செய்யக் கொடுக்கும் முன் படியுங்கள்

பினாங்கு, கெடா பக்கம் பஜனைக் குழு, உருமி மேளக் குழு, கல்யாண டிஜே என்று ஒலிச் சாமான் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். ஒலிச் சாமானை அடுக்கி முடுக்கி வைக்கும் ரேக் பெட்டியை எங்களுக்கு மோசமாகச் செய்து கொடுத்த ஆளின் பெயரைப் போடவில்லை. புகார் விசாரணைக்குப் போயிருக்கிறது, அது முடியட்டும். ஆனால் அந்தப் பெட்டிகள் இன்னும் முகநூலில் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. போன வாரம்கூட ஒன்று பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பிறையில் நாங்கள் ஐந்து பேர் வெள்ளிக்கிழமை பஜனை செய்கிறோம். காசுக்குப் பாடுவதில்லை. பல வருடம் கைக்காசு போட்டுச் சேர்த்த சாமான்: 21 கிலோ எடையில் ஒரு பழைய பவர் ஆம்ப், சின்ன மிக்சர், கம்பியில்லா மைக்குக்கு இரண்டு ரிசீவர், ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஒரு கிராஸ்ஓவர். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகத் தூக்கி, வயர் மாட்டி, திரும்பக் கழற்றி அலுத்துப் போய்விட்டது. தைப்பூசத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏற்றிவிடலாம் என்று நவம்பரில் ஒருவரிடம் சொன்னோம். வீட்டிலேயே பட்டறை வைத்துப் பெட்டி செய்கிறவர், நம் ஆள்தான். மொத்தம் 850 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 400.

"பன்னிரண்டு மில்லி பிளைவுட்ணே. சாமானை நானே ஏத்தி, உள் வயரிங்கும் பண்ணித் தந்துடுறேன். நீங்க ஒரு பிளக்கைச் சொருகினாப் போதும்லா. ஹம் சத்தம்கூட வராம பண்ணிட்டேன் பாருங்க."

ஹம் என்பது ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று வரும் இரைச்சல். கடைசி வரியைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய வரி அதுதான்.

இரண்டு வாரம் என்றவர் டிசம்பர் கடைசியில், இரவு பத்து மணிக்குமேல் கொண்டுவந்து இறக்கினார். வெளியே கறுப்பு ஃபெல்ட் துணி, மூலைகளில் பளபளவென்று இரும்பு உருண்டை, கீழே சக்கரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. போர்ச் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதிக் காசையும் கொடுத்துவிட்டேன்.

ஜனவரியில் கோயில் மண்டபத்தில் ஒத்திகை. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, எல்லாரும் வெறுங்காலோடு இருந்தோம். என் அக்கா மகளுக்கு 11 வயது. வயர் மைக்கைக் கையில் எடுத்தவள் "மாமா, சுள்ளுன்னு கடிக்குது" என்று கீழே வைத்துவிட்டாள். நான் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மைக் பழுது என்று நினைத்து 180 வெள்ளிக்குப் புது மைக் வாங்கினோம். பிள்ளையை அன்றைக்கு முழுக்கத் துணி சுற்றிய மைக்கில் பாட வைத்தோம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

தைப்பூசத்துக்கு முதல் நாள், தண்ணீர்மலைப் பக்கம் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்காகப் பெட்டியை வேனில் ஏற்றிப் பாலம் வழியாகப் போனோம். நெரிசலில் வேன் ஊர்ந்துதான் போனது. பாலத்தின் இணைப்பு வரும் இடத்தில் சக்கரம் ஒரு குலுக்குக் குலுக்கியதும் பின்னால் மடாரென்று ஒரு சத்தம். நடுப்பாலத்தில் நிறுத்த முடியாது. குளுகோரில் இறங்கி ஓரங்கட்டிக் கதவைத் திறந்தோம். ஆம்ப் பெட்டிக்குள் குப்புறக் கிடந்தது. அதன் மேல் மிக்சரின் ஒரு மூலை சாய்ந்திருந்தது.

பெட்டியின் ஓரத்தில் ஒரு ஸ்குரூ தொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். அதன் புரிகளில் ஈரமில்லாத புட்டு மாவு போல மரத்தூள் நிறைந்திருந்தது. துணியைக் கொஞ்சம் கிழித்து ஓரத்தைப் பார்த்தால், அடுக்கடுக்காகத் தெரியவேண்டிய பிளைவுட் இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அமுக்கிய சிப்போர்டு. நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. சாமானை முடுக்குவதற்கான, ரேக் ரெயில் என்ற துளை போட்ட இரும்புப் பட்டையே அதில் இல்லை. ஆம்பின் காதை (முன்தட்டில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்குரூ போடும் பகுதி) மரச்ஸ்குரூ போட்டு நேராகச் சிப்போர்டில் முடுக்கியிருக்கிறார்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதும் தெரிந்தது. ரேக் சாமானின் முன்தட்டு 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள், ஒரு யு 44.45 மி.மீ. ஒவ்வொரு யு-வுக்கும் மூன்று துளை உண்டு. துளைக்குத் துளை இடைவெளி ஒரே அளவு கிடையாது: 15.9, 15.9, பிறகு 12.7 என்று மாறி மாறி வரும். ரெயில் வாங்கினால் இது தானாகவே சரியாக வந்துவிடும். இவர் கண்மதிப்பில் துளை போட்டிருக்கிறார், பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தில் எங்கள் ஆம்பின் காதையே அரம் போட்டு அகலப்படுத்தியிருக்கிறார். அரம் ஓடிய தடம் பளிச்சென்று தெரிகிறது. நம் சாமானை நம்மைக் கேட்காமல் அராவியிருக்கிறார்.

பின்பக்கம் தாங்கல் ஒன்றுமே இல்லை. ஆம்பின் எடை முழுவதும் முன்தட்டிலிருந்து ஒரு சாண் பின்னால் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் அங்கேதான். முன்னால் நான்கு ஸ்குரூ மட்டும் போட்டால், கையை நீட்டித் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டே இருப்பது போலத்தான். சும்மா வைத்திருந்தால் கொஞ்ச நாள் நிற்கும், வண்டியில் குலுங்கினால் நிற்காது. நல்ல பலகையாக இருந்திருந்தாலும் காது வளைந்திருக்கும்.

அன்றிரவு என் மச்சான் வந்து பார்த்தார், அவர் வயர்மேன், மின்வேலை பார்ப்பவர். உள்ளே இருந்த பவர் பட்டையை (பல பிளக் சொருகும் நீளப் பெட்டி)த் திறந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, டார்ச்சை என் பக்கம் நீட்டினார். பச்சை மஞ்சள் வயரை அடியோடு வெட்டி, முனையைக் கறுப்பு டேப்பில் சுற்றி உள்ளே மடக்கி வைத்திருந்தது. கசிவு மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் பாதுகாப்பு வயர் அதுதான். எர்த் இல்லை. இதுதான் அந்த ஆள் ஹம் சத்தத்துக்குச் செய்த வைத்தியம்.

எர்த் இல்லாததால் மிக்சர், ஆம்ப் எல்லாவற்றின் இரும்பு உடம்பும் கசிவு மின்சாரத்தோடு நின்றிருக்கிறது. மைக் வயரின் உலோக உறை வழியாக அது பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது சின்னக் கசிவு. ஆம்புக்குள் ஒரு வயர் உரிந்து உடம்பில் பட்டிருந்தால், வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்ற பிள்ளை மேல் 230 வோல்ட் பாய்ந்திருக்கும். ஹம் வந்தால் சிக்னல் வயரில்தான் சரி செய்யவேண்டும். வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது, இல்லையென்றால் தனிமைப்படுத்தும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். மின்சார எர்த்தில் யாரும் கை வைக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்கும்.

மறுநாள் போன் செய்தேன். "பாலத்துல வேகமா போயிருப்பீங்கண்ணே" என்றார். எர்த்தைப் பற்றிக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் புலனத்தில் (வாட்ஸ்அப்) "பிளைவுட்" என்று அவர் அனுப்பிய செய்திகள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. நல்லவேளையாக, போன் செய்வதற்கு முன்பே மச்சான் சொல்லி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருந்தேன். ஆம்பின் காதை நிமிர்த்தி, உடைந்த ஸ்பீக்கர் சாக்கெட்டை மாற்ற 320 வெள்ளி ஆனது.

இப்போது மச்சானும் நானும் புதுப் பெட்டி செய்துவிட்டோம். உண்மையான 12 மில்லி பிளைவுட். கோலாலம்பூர் போனபோது ஜாலான் பாசாரில் ரேக் ரெயில் நான்கு வாங்கினேன், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மரச்ஸ்குரூவே கிடையாது, பலகையைத் துளைத்து போல்ட், உள்பக்கம் அகல வாஷர், நட். ஆம்ப் கீழ்த்தட்டில், அதன் பின்பக்கம் இரும்புக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாடும்போது முன்கதவு பின்கதவு இரண்டையும் கழற்றி வைத்துவிடுகிறோம், ஆம்பின் காற்றாடிக்கு ஒரு பக்கம் இழுக்கவும் மறுபக்கம் தள்ளவும் வழி வேண்டுமே. (பழைய பெட்டியில் பின்பக்கத்தை ஆணியடித்தே மூடியிருந்தார்.) பிளக்கும் பட்டையும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பார்த்து வாங்கினோம். மூடுவதற்கு முன் மச்சான் மீட்டர் வைத்து, பிளக்கின் எர்த் முனையிலிருந்து ஒவ்வொரு சாமானின் உடம்பு வரைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்.

யாரிடமாவது செய்யக் கொடுத்தால், துணி ஒட்டுவதற்கு முன் ஒரு நாள் பகலில் போய்ப் பாருங்கள். பலகையின் வெட்டு ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள், ரெயிலைக் கையால் தொட்டுப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள். உள் வயரிங்கை வயர்மேன் ஒருவர் திறந்து பார்க்கும்வரை பிளக்கைச் சொருகாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் போராங் 1 (படிவம் 1) நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. சொந்தப் பயனுக்கு வாங்கிய பொருளாக இருக்கவேண்டும், வியாபாரத்துக்கு என்றால் எடுக்க மாட்டார்கள். காசு கொடுத்த சீட்டு, செய்திகளின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

எங்கள் விசாரணை அடுத்த மாதம். அந்தப் பழைய பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. துணி கிழிந்தபடியே, வெட்டின பச்சை மஞ்சள் வயரோடு போர்ச்சில் இருக்கிறது. அன்றைக்கு அதையே வேனில் ஏற்றிக்கொண்டு போய் நடுவர் மன்றத்தார் முன்னால் வைக்கப்போகிறேன்.