ஓடும் குழாயிலேயே ஈரத்தை அளக்கும் அண்மை அகச்சிவப்புக் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடலூர் சிப்காட்டில் கரைப்பான்களை மீட்டெடுக்கும் எங்கள் ஆலையில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எஞ்சும் நீரை அளப்பதற்காக அண்மை அகச்சிவப்பு நிறமாலைக் கருவி ஒன்றைப் பொருத்தி ஓராண்டு நிறைவடைந்துவிட்டது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த ஆல்கஹாலும் நீரும் கலந்ததைக் காய்ச்சி வடித்தால், எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீர் கூடவே வந்துவிடும். சாதாரண வடித்தலில் அதற்கு மேல் பிரியாது. மிச்ச நீரை மாலிகுலர் சீவ் படுகைதான் (நுண்துளைகளில் நீரைப் பிடித்துவைக்கும் மணிகள் நிரப்பிய கலன்) உறிஞ்ச வேண்டும். படுகை நிரம்பும் தருணத்தைத் தவறவிட்டால், தொட்டியில் இருக்கும் நல்ல சரக்கும் சேர்ந்து கெடும். முன்பு மாதிரியைப் புட்டியில் பிடித்து, லேபுக்குக் கொண்டுபோய், நீரின் அளவை வேதிவினையால் கண்டறியும் கார்ல் ஃபிஷர் முறையில் முடிவு தெரிவதற்குள் முக்கால் மணி நேரம் கடந்துவிடும். ஐப்பசி மழையில் புட்டியைத் திறந்து மூடுவதற்குள் காற்றின் ஈரமே மாதிரியில் ஏறிவிடும். இப்போது அரை நிமிடத்துக்கு ஒரு முறை அளவு திரையில் வருகிறது. நீர் மெல்ல ஏறத் தொடங்கும்போதே படுகையை மாற்றிவிடுகிறோம். இந்த ஒரு காரணத்துக்காகவே கருவியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

நீர் 1940 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. ஆல்கஹால் ஒளியை உறிஞ்சும் பகுதியான பட்டையோ 2070-ஐ ஒட்டி, அதன்மேல் பாதி படிந்தாற்போல் கிடக்கிறது. ஆகவே ஒரே அலைநீளத்தை மட்டும் பார்த்துக் கணக்கிட முடியாது. நிறமாலையின் அகன்ற பகுதியை லேப் அளவுகளோடு பொருத்தி, நிறமாலையை நீரளவாக மாற்றும் கணக்கீட்டை (அளவுத்திருத்தம்) உருவாக்க வேண்டும். உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது. விற்க வந்தவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. லேப் சூட்டில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு அவர்கள் செய்து கொடுத்த அளவுத்திருத்தம், குழாயில் 45 டிகிரியில் ஓடும் திரவத்துக்குப் பொருந்தாமல் தவறான அளவையே காட்டியது. வெப்பம் ஏறினால் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து நீரின் பட்டை இடம் நகரும் என்பது இத்துறையில் பழைய செய்தி. வெவ்வேறு வெப்பநிலைகளில் மாதிரிகளைச் சேர்த்து நாங்களே மறுபடி செய்ய இரண்டு மாதம் பிடித்தது.

திரவத்துக்குள் ஒளி பாய்ச்சி அளக்கும் ஆய்வுமுனையைக் கிடைக்குழாயின் மேற்பக்கத்தில் பொருத்திச் சென்றதும் அவர்கள் பிழையே. அங்கே குமிழிகள் தேங்கி, அளவு துள்ளிக்கொண்டே இருந்தது. திரவம் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் குழாய்க்கு மாற்றியதும் கோடு அமைதியானது.

ஆய்வுமுனைக்கு ஒளியிழை வழியாக ஒளி மட்டுமே போகிறது. தீப்பற்றக்கூடிய கரைப்பான் பகுதிக்குள் மின்கம்பி எதுவும் நுழைவதில்லை என்பது பெரிய நிம்மதி. உப்பனாற்றுப் பக்கத்து உப்புக் காற்றில் கருவிப் பெட்டியின் கீல்கள் ஆறே மாதத்தில் துருவேறின. துருப்பிடிக்காத எஃகுப் பெட்டியை வலியுறுத்திக் கேட்டு வாங்குங்கள்.

நீர் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இதன் அளவை நான் நம்புவதில்லை. ஷிப்டுக்கு ஒரு மாதிரி இன்றும் கார்ல் ஃபிஷருக்குப் போகிறது. இரண்டு அளவுகளையும் ஒரே பதிவேட்டில் அருகருகே எழுதி வைக்கிறோம்.