டிறில் பற்றரி வாங்கப் போறீங்களா, தராச எடுத்துட்டு வாங்க

போன கச்சான் காத்துக்குள்ள ஒரு நாள், வெயில் மண்டையப் பிளக்குற நேரம், ஆரையம்பதிப் பக்கத்து ஓடாவி (தச்சுவேலைக்காரர்) ஒராள் டிறில் பெட்டியத் தூக்கிட்டு என்ட கடைக்கு வந்தாரு. மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிக்குடியில மெசின் திருத்துற கடை வெச்சிருக்கன், மோட்டர் சுத்துறது, கிரைண்டருக்கு காபன் மாத்துறது, இப்ப ஏழெட்டு வருசமா பாதி வேலை பற்றரிதான். "மனே, வாங்கி மூணு மாசந்தான், முதிரைப் பலகையில நாலு ஸ்குரூ ஏத்துனா நிண்டுருது, மோட்டர் போச்சுதோ தெரியல்ல பாரு" எண்டாரு. பற்றரியில பெரிசா 88 வோல்ட், 6 ஆம்பியர் எண்டு ஸ்டிக்கர் (பற்றரிக்கு ஆம்பியர் எண்டு நாம சொல்லுறது ஆம்பியர் மணித்தியாலம், எவ்வளவு சரக்கு பிடிக்கும் எண்ட கணக்கு). நான் மோட்டரத் தொடவே இல்ல, பக்கத்து பலசரக்குக் கடைக்குப் போய் சீனி நிறுக்கிற தராசுல பற்றரிய வெச்சன். 380 கிராம். திரும்பி வந்து "அண்ணன், இது பற்றரி இல்ல, பாதிப் பெட்டி காத்து" எண்டு சொன்னா மனிசன் நம்பல்ல, கழட்டிக் காட்டினன், பத்து செல் (பற்றரிக்குள்ள இருக்கிற சின்ன உருளைகள்) வைக்கிற குழியில அஞ்சு செல்லுதான் இருந்திச்சு, மற்ற அஞ்சும் வெறும் குழி.

பற்றரி வகைகளப் பத்தி எழுதணும் எண்டு கனநாளா நினைச்ச விசயம், அண்டைக்கு அந்தக் குழியப் பார்த்த பிறகுதான் எழுதுறன். ஏனெண்டா எல்லாரும் நிக்கலா லித்தியமா எண்டுதான் கேக்கிறாங்க, அந்தக் கேள்விக்கு விடை முடிஞ்சு கனகாலம், இப்ப சண்டை லித்தியத்துக்கும் லித்தியத்துக்கும் இடையிலதான்.

இருந்தாலும் பழசுல இருந்தே வருவம். நிக்கல் காட்மியம், நம்ம ஆக்கள் நைகேட் எண்டு சொல்லுறது. 1961ல பிளாக் அன்ட் டெக்கர் விட்ட முதலாவது வயரில்லாத டிறில்ல போட்டதும் இதுதான். ஒரு செல் 1.2 வோல்ட், 18 வோல்டுக்கு 15 செல் அடுக்கணும், அதால பற்றரி ஒரு கிலோ மட்டில வரும், கையில செங்கல்லு மாதிரி. ஆனா சும்மா சொல்லக்கூடாது, மாடு மாதிரி உழைக்கிற சாமான். வெறுமையா ரெண்டு வருசம் மூலையில கிடந்தாலும் எழும்பும், கரண்ட அள்ளிக் குடுக்கும், விழுந்தாலும் ஒண்டும் ஆகாது. குறை என்னெண்டா சும்மா வெச்சாலே மாசத்துக்கு பத்து இருபது வீதம் தானா வடியும், மாசக்கணக்கா பாதியில பாதியில சார்ஜ் போட்டு அடிச்சா அந்தப் பாதிதான் முழுசு எண்டு பழகிப்போற குணம் ஒண்டும் இருக்கு. அதுக்கு மேல காட்மியம் நஞ்சு. ஐரோப்பாவில வீட்டுச் சாமானுக்கு முதலே தடை போட்டவங்க, டிறில் மாதிரி மெசினுக்கு மட்டும் குடுத்திருந்த சலுகையும் 2016 கடைசியோட முடிஞ்சுது. இங்க என்னடாண்டா செத்த நைகேட் பற்றரி வாவிக்கரையில குப்பையோட கிடக்கு, தயவு செய்து தண்ணிக்குள்ள மட்டும் வீசாதீங்க, அந்த வாவி மீனத்தான் நாம திங்கிறம்.

நைகேட் சாகிறதுக்கு எங்கட ஊர்ல முக்கிய காரணம் சார்ஜர்தான் எண்டு நான் சொல்லுவன். அதோட வாற மலிவு சார்ஜருக்கு நிறுத்துற புத்தி கிடையாது, அஞ்சு மணித்தியாலம் போடு எண்டு பெட்டியில எழுதியிருக்கும், நம்மட ஆள் ராவைக்குப் போட்டுட்டு விடியக் கழட்டுவாரு, பன்ரெண்டு மணித்தியாலம் அவிஞ்சிருக்கும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் நடுவுல வந்த தம்பி. அதே 1.2 வோல்ட், அதே அளவுக்குள்ள கொள்ளளவு கூட, காட்மியம் இல்ல. ஆனா சார்ஜ் முடியிற நேரம் கொதிக்கும், வெக்கையில சார்ஜ் வடிவா ஏறாது, பழைய வகை தானா வடியிறது நைகேட்ட விட மோசம். மட்டக்களப்பு வெயிலுக்கு நான் கண்ட மட்டில இது ஒத்துவரல்ல, டிறிலுக்கு எண்டு இப்ப யாரும் புதுசா வாங்கிறதும் இல்ல.

சரி, லித்தியம். ஒரு செல் 3.6 வோல்ட், அஞ்ச அடுக்கினா 18. அதே செல் முழுச் சார்ஜ்ல 4.2, அஞ்சு மடங்கு 21. அதனால 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் எண்டு மூண்டு பெயர்ல விக்கிறது மூண்டும் ஒரே அஞ்சு செல் அடுக்குதான், 20 எண்டா பலம் கூட எண்டு நினைச்சு கூடச் சல்லி குடுக்காதீங்க. 48, 88, 388 எண்டு எழுதியிருக்கிறதெல்லாம் வோல்டே இல்ல, மீட்டர வெச்சுப் பார்த்தா அந்த ஓடாவிட பற்றரி 20.4 காட்டினிச்சு, மிச்சம் 67 வோல்டும் ஸ்டிக்கர்லதான் இருந்திச்சு.

எடைக் கணக்கப் பாருங்க. பழைய 18 வோல்ட் நைகேட் 1.5 ஆம்பியர் பற்றரியில 27 வாட் மணித்தியாலம் (வோல்ட ஆம்பியரால பெருக்கினா வாற சரக்கு), எடை கிலோவுக்கு கிட்ட. ஒறிஜினல் லித்தியம் 18 வோல்ட் 5 ஆம்பியர்ல 90 வாட் மணித்தியாலம், எடை 620, 640 கிராம். மூண்டு மடங்குக்கு மேல சரக்கு, மூண்டில ரெண்டு பாரம். ஏணியில ஏறி நிண்டு சீலிங் அடிக்கிறவனுக்கு இத விட விளக்கம் தேவையில்ல, பின்னேரம் தோள்மூட்டு சொல்லும். சும்மா வெச்சா மாசத்துக்கு ரெண்டு மூண்டு வீதந்தான் வடியும், பாதியில சார்ஜ் போட்டா கோவிக்காது.

இப்ப விசயத்துக்கு வாறன். பற்றரிக்குள்ள இருக்கிற செல்லுல பெரும்பாலும் ரெண்டு அளவு, 18650 எண்டா 18 மில்லிமீற்றர் தடிப்பு 65 உயரம், 21700 எண்டா 21 தடிப்பு 70 உயரம். சின்னதுல கடையில கிடைக்கிற சாதாரண செல் ஒண்டு கூடினா 3.5 ஆம்பியர் மட்டிலதான் வரும், அதுவும் மெதுவா இறைக்கிற வகை, டிறிலுக்கு இழுவை தாங்குற வகை எண்டா 3க்குள்ளதான். அப்ப அஞ்சு சின்னச் செல்ல வெச்சு 6 ஆம்பியர் எண்டு எழுதினவன் என்ன மனிசன்? ஒரு 18650 செல் 45 கிராம் மட்டில, பத்து செல் எண்டா செல்லு மட்டும் 450, மேல பிளாஸ்டிக், போர்ட். அதனால பத்து செல் பற்றரி 600க்கு கிட்ட நிக்கணும், 400க்குள்ள நிண்டா உள்ள அஞ்சுதான். கடைக்காரர் மூஞ்சியச் சுளிச்சாலும் பரவாயில்ல, நிறுத்துப் பாருங்க.

அஞ்சு செல்லுக்கும் பத்து செல்லுக்கும் வித்தியாசம் எவ்வளவு நேரம் ஓடும் எண்டது மட்டும் இல்ல, இத கனபேர் கவனிக்கிறேல்ல. முதிரைக்குள்ள பெரிய பிட் ஒண்டு இறுகிற நேரம் மெசின் 30 ஆம்பியர் கரண்ட் இழுக்குது எண்டு வைங்க (இது கொள்ளளவு இல்ல, அந்த நேரம் ஓடுற கரண்ட்). அஞ்சு செல் பெட்டியில ஒவ்வொரு செல்லும் அந்த 30ஐயும் தனியத் தூக்கணும். பத்து செல் எண்டா ரெண்டு ரெண்டா சோடி போட்டிருக்கும், ஆளுக்கு 15. சூடு குறைவு, வோல்ட் விழுறது குறைவு, மெசின் திணறாது. பழைய லெப்டொப் பற்றரிய உடைச்சு எடுத்த செல்லப் போட்டு கட்டின பற்றரி சும்மா சுத்தக்குள்ள பறக்கும், மரத்துல முட்டினதும் படுக்கும், அந்தச் செல் நாலஞ்சு ஆம்பியர் குடுக்கவே பிறந்தது. ஓடாவி அண்ணன்ட டிறில் நிண்டதும் இந்தக் கதைதான், மோட்டர்ல ஒரு குறையும் இல்ல, என்ட நல்ல பற்றரி ஒண்டுல பூட்டிக் குடுத்தன், அதே பலகையில இருபது ஸ்குரூ ஏத்திட்டு "அடேய்" எண்டு மட்டும் சொன்னாரு.

அதால என்ட பிரிப்பு இப்பிடி. சுவர்ல படம் மாட்ட, கதவுப் பிணைச்சல் பூட்ட, வீட்டுக்கு ஒரு டிறில் போதும் எண்டா அஞ்சு செல் 2 ஆம்பியர், பாரம் இல்ல, காணும். சீலிங், அலுமினியம், தளபாடம் எண்டு நாள் முழுக்க அடிக்கிறவங்க பத்து செல் 4 இல்லாட்டி 5 ஆம்பியர் ரெண்டு வாங்கணும், ஒண்டு மெசின்ல, ஒண்டு சார்ஜ்ல. கிரைண்டர், வட்ட வாள் ஓட்டுறவங்களுக்கு ஏலுமெண்டா 21700 போட்ட பற்றரி. புதுசா தட்டைப் பை மாதிரி செல் போட்ட பற்றரியெல்லாம் வெளிநாட்டுல வந்திருக்கு, இங்க பழுதாப்போனா நான் உட்பட யாரும் திறந்து பார்க்க மாட்டம், விடுங்க.

லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட்ட ஏன் சொல்லல்ல எண்டு கேப்பீங்க, சோலார்காரர் எல்லாரும் அதத்தான் புகழுறாங்க. நல்ல செல்தான், ரெண்டாயிரம் தரத்துக்கு மேல சார்ஜ் தாங்கும், லேசில பத்தாது. ஆனா ஒரு செல் 3.2 வோல்ட், அதே எடைக்கு சரக்கும் குறைவு, கையில தூக்கிற மெசினுக்கு பாரம் கூடிரும். அத வேற இடத்துல பாவிக்கலாம். படுவான்கரைப் பக்கம் வவுணதீவு தாண்டி வாடி (தங்கிற குடில்) கட்டப் போற பெடியனுகள் 12.8 வோல்ட் 20 ஆம்பியர் பெட்டி ஒண்டும் சின்ன இன்வெர்ட்டரும் கொண்டு போறாங்க, அதுல 256 வாட் மணித்தியாலம், வீண் போறத கழிச்சாலும் 5 ஆம்பியர் டிறில் பற்றரி ரெண்டு தரம் சார்ஜ் போடக் காணும். 2022 பங்குனி (மார்ச்) கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட வெட்டின நேரம், டீசலும் இல்ல, ஜெனரேட்டரும் கிடந்து தூங்கினிச்சு, வயர் மெசின் மட்டும் வெச்சிருந்தவங்க வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தாங்க, பற்றரிக்காரர் மட்டும் கறண்ட் வாற நேரத்துல சார்ஜ் போட்டு வெச்சு ஓடினாங்க.

லித்தியத்துக்கு எதிரி எங்கட வெக்கை. 45 பாகைக்கு மேல சூடான செல்ல சார்ஜ் போடக்கூடாது, நல்ல சார்ஜர் எண்டா தானே ஆறும் வரைக்கும் காத்திருக்கும், மலிவு சார்ஜர் காத்திருக்காது. வேலை முடிஞ்சு கொதிக்கக் கொதிக்க கழட்டி உடனே செருகிற பழக்கத்த விடுங்க, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வந்து போடுங்க. இன்னொண்டு, தகரக் கூரைக்குக் கீழ முழுச் சார்ஜோட மாசக்கணக்கா வைக்கிறது. 40 பாகையில முழுசா சார்ஜ் ஏத்தி ஒரு வருசம் வெச்சா கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு கொள்ளளவு திரும்ப வராம போயிரும், பாதிக்கு கொஞ்சம் குறைவா 40 வீதத்துல வெச்சா 15 வீதம் மட்டிலதான் போகும். மாரி மழைக்கு வேலை இல்லாம மெசின மூடி வைக்கிற நேரம் பற்றரியில இருக்கிற நாலு லைட்டுல ரெண்டு எரியிற அளவுல, மெசின்ல இருந்து கழட்டி வைங்க. வெறுமையா வைக்கவும் வேணாம், நைகேட் மாதிரி இது எழும்பாது.

வெளிநாட்டுல இருக்கிற ஆக்களிட்ட சொல்லி எடுக்கிறவங்களுக்கு. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பாதி மெசின் கட்டார், சவூதியில இருந்துதான் வருது. தனியா வாற லித்தியம் பற்றரிய விமானத்துல பெரிய பெட்டியில போட்டு அனுப்ப ஏலாது, கையில கொண்டு வாற பையிலதான் வரணும், முனையில டேப் ஒட்டி. 100 வாட் மணித்தியாலம் வரைக்கும் கேள்வியில்ல, 18ஐ 5ஆல பெருக்கினா 90, தப்பும். 6 ஆம்பியர் எண்டா 108, விமானக் கம்பனிட முதலே அனுமதி எடுக்கணும். ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) பெட்டிக்குள்ள போட்டு அனுப்பி, ஏயர்போட்டுல எடுத்து வெச்சிட்டாங்க, மெசின் மட்டும் வீட்டுக்கு வந்திச்சு, அந்த மெசினுக்கு பற்றரி இங்க எந்த ஹாட்வெயார்லயும் இல்ல. மெசின விட ரெண்டு பற்றரி விலை கூட எண்டத மறந்துராதீங்க, கல்முனையிலயோ மட்டக்களப்புலயோ பற்றரி தனியா வாங்க ஏலுமான வகையத்தான் எடுக்கணும். அமெரிக்காவில இருந்து வாற சார்ஜர் 120 வோல்ட், எங்கட 230ல செருகினா புகைதான்.

கடைசியா, பழைய நைகேட் டிறிலுக்கு லித்தியம் செல் போட்டுத் தாங்க எண்டு மாசம் ரெண்டு பேர் வருவாங்க. செய்யலாம், 12 வோல்டுக்கு மூண்டு செல், 18க்கு அஞ்சு, காவல் போர்டோட. ஆனா பழைய சார்ஜர குப்பையில போட்டாத்தான் நான் செய்வன். அது 4.2ல நிப்பாட்டத் தெரியாத சாமான், லித்தியத்துல அத செருகிறது அடுப்புல செருகிற மாதிரி. ஒராள் ஓம் ஓம் எண்டு தலையாட்டிட்டு வீட்ட போய் அதத்தான் செருகியிருக்காரு, நல்ல காலம் விறாந்தையில சீமெந்து நிலத்துல வெச்சிருந்ததால மெசினோட போச்சு. அதுக்குப் பிறகு சார்ஜர என்ட மேசையில வெச்சு வயர வெட்டிட்டுத்தான் பற்றரியக் குடுக்கிறன்.

செலவு வேணாம் எண்டுறவங்களுக்கு வேற வழி இருக்கு. வாழைச்சேனையில தோணி திருத்துற ஒராள் செத்த 12 வோல்ட் நைகேட் பெட்டிய வெறுமையாக்கி, உள்ளுக்கால தடிச்ச வயர் ரெண்டு இழுத்து, 30 ஆம்பியர் பியூஸ் ஒண்டும் போட்டு ஓட்டோ பற்றரியில கொழுவி வெச்சிருக்காரு. ஏணியில ஏற ஏலாது, பற்றரிய விட்டு நாலடி நகரவும் ஏலாது, ஆனா தோணியும் நகராதுதானே.