கீமோ எடுக்கிற வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர்: பாவிச்சுப் பாத்த ரிவியூ

மட்டக்களப்பு டவுன்ல ஒரு பார்மசியில வாங்கின சாதாரண டிஜிட்டல் தெர்மோமீட்டரப் பத்தித்தான் எழுதுறன். பெரிய பிராண்ட் ஒண்டும் இல்ல, நுனி ரப்பர் மாதிரி வளையும், விலையும் கைய கடிக்காது. ஆனா வீட்டில ஒராள் கான்சருக்குக் கீமோ மருந்து எடுக்கிறா என்டா முதல் வாங்கி வெக்க வேண்டிய சாமான் இதுதான்.

எங்கட அக்காக்கு மார்பு கான்சர், ட்ரிபிள் நெகட்டிவ் வகை. கட்டியில ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனப் பிடிக்கிற ரிசெப்டர் இல்ல, ப்ரொஜெஸ்டரோன் ஹோர்மோனுக்கான ரிசெப்டரும் இல்ல, ஹெர்2 என்ட புரதமும் கூடுதலா இல்ல, அதால மத்தவங்களுக்குக் குடுக்கிற டமொக்சிஃபென் குளிசையோ ஹெர்செப்டின் ஊசியோ இதுக்கு சரிவராது. மார்பு கான்சர் வாற 100 பேர்ல 10, 15 பேருக்கு இந்த வகை, இளவயசுக்காரருக்குக் கொஞ்சம் கூட. ரிப்போட் வந்த கிழமை அக்கா ஒருத்தரோடயும் கதைக்கல்ல, ஆனா வீட்டுக்கு வாற சனம் நிக்காமக் கதைச்சிச்சு. ஊசி குத்தினா பரவுமாமே ஏன் பயொப்சி எடுத்தீங்க, பப்பாசி இலச் சாறு குடுங்க, சீனிய நிப்பாட்டுங்க. தயவு செஞ்சு நோயாளிக்கு முன்னால இப்பிடிக் கதைக்காதீங்க. ஊசியால கட்டியில கொஞ்சம் எடுத்துச் சோதிக்கிறதுதான் பயொப்சி, அது எடுக்காட்டி எந்த வகை என்டே தெரியாது, வகை தெரியாட்டி சரியான மருந்து தொடங்கேலாது. போதனா வைத்தியசாலை கிளினிக்ல டொக்டர் இருத்தி வெச்சு விளங்கப்படுத்தினவர், இந்த வகை கீமோக்கு நல்லாக் கேட்கும், திரும்பி வாற பயம் முதல் மூண்டு வருஷத்திலதான் கூட, 5 வருஷம் தாண்டினா நல்லாக் குறையும் என்டு. அதுக்குப் பிறகுதான் அக்கா ஒழுங்காச் சாப்பிட்டா.

கீமோ ஏத்தினா ரத்தத்தில கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளை அணு இறங்கும், மருந்து ஏத்தி ஒரு கிழமையில இருந்து ரெண்டு கிழமை வரைக்கும் அது நல்லா இறங்கிக் கிடக்கிற நேரம், அந்த நேரம் கிருமி தொத்தினா சளியோ சிவப்போ வீக்கமோ ஒண்டும் காட்டாம காய்ச்சல் மட்டும்தான் வரவும் கூடும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காட்டினா ராப்பகல் பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்டு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி திரும்பத் திரும்பச் சொன்னவ. பனடோல் போட்டுட்டு விடியட்டும் பாப்பம் என்டு படுக்கக் கூடாது, அது காய்ச்சல மறைச்சிடும்.

வீட்டில கொரோனா நேரம் வாங்கின, நெத்திக்கு நேர பிடிச்சுக் காய்ச்சல் பாக்கிற துவக்கு மாதிரிச் சாமான் ஒண்டும் இருந்திச்சு. எங்கட வெயிலுக்கும் வேர்வைக்கும் அது ஒரு நிமிஷத்துக்கு ஒரு கணக்குக் காட்டும், அத நம்பி முடிவெடுக்கேலாது. கண்ணாடியில வாற மெர்க்குரி வகை வேணவே வேணாம், கீமோவால வாய் புண்ணாகிக் கிடக்கிற ஆளுக்கு அது வாய்க்குள்ள உடைஞ்சா என்ன செய்யிற?

இது நாக்குக்குக் கீழ வெச்சா கொஞ்ச நேரத்தில பீப் அடிக்கும், ஒரே நேரம் ரெண்டு தரம் பாத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. பிளேன் டீ குடிச்சா அரை மணித்தியாலம் பொறுத்து வெக்கணும். வாய்ப்புண் கூடினா கமக்கட்டுக்குள்ள வெக்கலாம், ஆனா அங்க கணக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், அத மனசில வெச்சிக் கொள்ளுங்க. பின்பக்கமா, குதத்துக்குள்ள வெச்சுப் பாக்கிற வேலை கீமோ ஆளுக்குச் செய்யவே கூடாது, சின்னக் காயத்தால கிருமி உள்ள போயிரும்.

குறை சொல்லணும் என்டா லைட் இல்ல, கரண்ட் போன ராவில டோர்ச் அடிச்சுத்தான் பாக்கணும். உள்ள இருந்த தாள்ல தமிழும் இல்ல சிங்களமும் இல்ல, வயசு போன அம்மாமார் எப்பிடி விளங்கிக் கொள்ளுற? எனக்கு இது உண்மையாக் கோவம், சுகமில்லாத ஆளுக்கு விக்கிற சாமான்ல நாலு வரி தமிழ்ல போட்டா என்ன.

ஒரு ராவு அக்கா குளிருது என்டவ, வெச்சுப் பாத்தா 38.3. உடன ஆட்டோ பிடிச்சு களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் கீமோ கார்ட காட்டினம், பிளட் எடுத்து நாளத்தால அன்டிபயோடிக் ஏத்தத் தொடங்கிட்டாங்க. மத்த ராவுகள்ல உடம்பு சுடுற மாதிரிக் கிடக்கு என்டு பயந்து எழும்புவா, 36.7 காட்டும், பாத்துட்டு திரும்பப் படுத்துருவா. இப்ப ஒரு சீஆர் கொப்பியில காலையும் பின்னேரமும் அவவே எழுதுறா, கிளினிக்குக்கும் கொண்டு போறா. நாங்க கேட்டாலும் விடமாட்டா, என்ட உடம்புக் கணக்க நான்தான் எழுதுவன் என்டுறா. முதல் கிழமை வாய் திறக்காத ஆள்.

வாங்கிற ஆக்கள் கடையில வெச்சே ஒருக்கா ஒன் பண்ணிப் பாருங்க, செல்சியஸ்ல நிக்குதா பாரன்ஹீட்ல நிக்குதா என்டும் பாருங்க, அதுக்குப் போடுற சின்ன வட்ட பெட்டரி ஒண்டு மேலதிகமா வாங்கி வைங்க.